நாற்பது விநாடி

வீடியோ நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றுவது தொழில்நுட்பக் காரியம்; அதில் அறம் பற்றிய கேள்விக்கு இடமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மல்லசமுத்திரத்து வீட்டுப் பரணில் பதினொரு நாடாக்கள் கிடந்தன. இரண்டில் பூஞ்சை. ஜப்பானில் 1976ல் வந்த இந்த வி.எச்.எஸ். வடிவத்துக்குக் கடைசிவரை கருவி செய்துவந்த ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நாடா பிழைத்திருந்தாலும் அதைப் படிக்கும் கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

சேலத்தில் ஒருவரிடம் பழைய கருவி இருந்தது. மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். நாடா ஓடியே தீரவேண்டும். நானும் தம்பியும் உட்கார்ந்து பார்த்தோம்.

1989ல், நாமக்கல் தனி மாவட்டமாவதற்கு எட்டு வருஷம் முன்பு, நடந்த அக்காவின் கல்யாணம். பந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. விளக்குப் பிடித்த பையன் எதற்கோ திரும்புகிறான். வெளிச்சம் பந்தலைத் தாண்டி விழுகிறது. காமிராவும் கூடவே போகிறது. புளியமரத்தடியில் எங்கள் பண்ணையத்து வேலைக்காரர்கள், கையில் பாத்திரங்களோடு தரையில் காத்திருக்கிறார்கள். ஒரு பெண் கூசி முகத்தை மறைத்துக்கொள்கிறாள். நாற்பது விநாடி. நாடாவில் ஒரு மீட்டருக்கும் குறைவு.

"அண்ணா, அத மட்டும் எடுத்துறச் சொல்லிருங்க. பசங்க பாப்பாங்க" என்றான் தம்பி.

"எடுத்துறலாங்க. எடுத்த எடமே தெரியாதுங்க" என்றார் கடைக்காரர்.

என்னைத் தொந்தரவு செய்தது இந்தக் கடைசி வாக்கியம். நாடாவை வெட்டி ஒட்டினால் தழும்பு தெரியும். அந்த இடம் வரும்போது படம் குலுங்கும். ஏட்டுச் சுவடியில் ஓர் ஏட்டை உருவினால் ஏட்டெண் காட்டிக்கொடுத்துவிடும். உ.வே. சாமிநாதையர் 1904ல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்தபோது முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. நூலின் பெயரை அதற்காக யாரும் குறைத்துக்கொள்ளவில்லை. உள்ளே எட்டு, பெயரில் பத்து. இழப்பைச் சொல்லிக்கொண்டே நிற்கும் பெயர் அது. பிரதி செய்பவனின் நேர்மை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுவதில் இல்லை. காப்பாற்றாததன் இடத்தை மூடிவிடாமல் இருப்பதில் இருக்கிறது. புதிய வடிவம் இந்த நேர்மையை அநாவசியமாக்கிவிடுகிறது. வெட்டியது தெரியாத வெட்டு என்பது, அப்படியொன்று நடக்கவே இல்லை என்று சொல்லும் சாட்சியம்.

ஆனால் தம்பியின் தரப்பு லேசானதல்ல. படம் பிடிக்கச் சம்மதமா என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. கையால் முகத்தை மறைத்ததுதான் அவள் சொன்ன பதில். அவள் மறைக்க விரும்பியதை நான் சேமித்து வைப்பது எந்த நியாயத்தில்? இன்னொன்றும் உண்டு. எங்கள் குடும்பத்தின் குற்றத்தை அழியாத கோப்பாக வைத்துக்கொள்வதில், குற்ற உணர்வையே ஓர் ஆபரணமாகப் பூண்டுகொள்ளும் சுகம் எனக்கு இல்லையென்று சத்தியம் செய்ய முடியாது.

இருந்தும் வெட்டவேண்டாம் என்றேன். தம்பி இரண்டு நாள் பேசவில்லை. அந்த நாற்பது விநாடி போய்விட்டால் மிச்சமிருக்கும் மூன்று மணி நேரமும் பொய்யாகிவிடும் என்பது என் எண்ணம். மணவறையும் சிரிப்பும் மேளமும் எந்த ஏற்பாட்டின் மேல் நின்றன என்பதை அந்த நாடாவில் அந்த இடம் மட்டுமே, அதுவும் தற்செயலாக, சொல்கிறது.

இதோடு பிரச்னை தீர்ந்ததென்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். தீரவில்லை. வெட்டுவதா வேண்டாமா என்று விவாதித்தது அண்ணனும் தம்பியும். பந்தலுக்குள் இருந்தவர்களின் பிள்ளைகள். கேட்காமல் வெட்டுவதும் கேட்காமல் வைத்துக்கொள்வதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு காரியங்கள்தாம். 1989ன் பந்தி இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெண் இப்போது இல்லை. மகன் இருக்கிறார்; எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அவர் வீட்டில் தாயின் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது; இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் நான் போனதில்லை. அந்த நாற்பது விநாடியைத் தனியே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதை அவரிடம் கொண்டுபோய், வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று கேட்க வேண்டும். அவர் அழிக்கச் சொன்னால் அழிப்பேனா என்பதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டாக வேண்டும்.