நான்கடி நிலமும் நடுவூர் வீடும்

ஓர் ஊர் இருவகையாக வளரலாம். பக்கவாட்டில் பரவலாம், இருக்கும் இடத்திலேயே நெருங்கி உயரவும் செய்யலாம். இவற்றுள் எது நன்று என்னும் வினாவுக்குப் பொறியாளர்களே விடை கூறவேண்டும் என்பர். ஆனால் ஒருவன் சுவரை உயர்த்தினால் அடுத்தவனுடைய வெளிச்சம் குறைகிறது. ஒருவன் வயலை மனையாக்கினால் வரும் தலைமுறையின் நெல் குறைகிறது. பிறருடைய உரிமை குறுக்கிடும் இடத்தில் அறத்தை ஒதுக்கிவைக்க முடியுமா?

அறந்தாங்கியை எடுத்துக்கொள்வோம். 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் அமையும் வரை தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் இது. மேட்டூர் அணைத் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடை நிலங்கள் இப்பக்கத்தில் உள்ளன. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கடற்கரை ஊரார்க்கு அருகிலுள்ள நகரமும் இதுவே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 40,000 மக்கள் இங்கு வாழ்ந்தனர். 2019-இல் திருவாரூர்–காரைக்குடி அகல ரயில்பாதையிலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. இத்தகைய ஊர் வளர்ந்தே தீரும். எத்திசையில் வளர்வது என்பதே கேள்வி. ஊருக்கு வெளியே போனால் வயலும் கண்மாயும் குறுக்கே நிற்கின்றன. ஊருக்கு நடுவிலோ மூதாதையர் விட்டுச்சென்ற வீடுகள் நிற்கின்றன.

அந்த நடுவூர் வீடுகள் ஏன் பாழடைகின்றன? இட நெருக்கடியைவிடப் பாகப்பிரிவினை முறையே இதற்குப் பெரிய காரணம் எனலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து சென்ட் மனை. 33 அடி அகலம், 66 அடி நீளம். மொத்தம் 2,178 சதுர அடி. தாயும் தந்தையும் மறைந்துவிட்டனர். மூன்று ஆண்மக்கள், இரண்டு பெண்மக்கள். வேறு வாரிசுகள் இல்லை. ஷரீஅத் கூறும் பங்கின்படி மனை எட்டுக் கூறாகும். ஆண்மக்களுக்கு இவ்விரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. தெருமுகத்திலிருந்து நீளவாட்டில் கயிறு பிடித்து அளந்தால் ஒவ்வோர் ஆணுக்கும் எட்டேகாலடி அகலம் வருகிறது. பெண்ணுக்கு வருவது நான்கடிச் சொச்சம்.

நான்கடி அகலத்தில் யார் வீடு கட்ட முடியும்? இரு பக்கச் சுவர்களை எழுப்பினால் நடுவே நடைபாதைதான் மிஞ்சும். ஆகவே, “உனக்கு எதற்கம்மா இந்தத் துண்டு?” என்று அண்ணன்மார் கேட்கின்றனர். ஏதோ ஒரு தொகை கைமாறுகிறது. தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறாள். மார்க்கம் அவளுக்குத் தந்த உரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் அளவுக்கயிறு அதை ஒன்றுமில்லாததாக்கிவிட்டது. அண்ணன்மாரும் எட்டேகாலடிக்குள் தனித்தனிச் சுவர், தனித்தனிப் படிக்கட்டு எழுப்பிக் காற்றோட்டமில்லாத அறைகளில் முடங்குகின்றனர். இல்லையேல் விற்றுவிட்டு வயற்புற மனையைத் தேடிப் போகின்றனர்.

அதே மனையைத் துண்டாக்காமல் சேர்ந்து கட்டினால் என்ன ஆகும்? 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை இரண்டாக உயர்த்தின. அதாவது, மனையின் பரப்பைப் போல் இருமடங்கு தளப்பரப்பு எழுப்பலாம். ஐந்து சென்ட்டில் 4,356 சதுர அடி. தெருவின் அகலமும் சுற்று இடைவெளி விதிகளும் இடங்கொடுத்தால், மூன்று தளங்களாகக் கட்டும்போது தளமொன்றுக்கு 1,452 சதுர அடி வரும். மனையில் மூன்றில் ஒரு பங்கு வானம் பார்த்த வெளியாக மிஞ்சும். எட்டுக் கூறாக்கினால், பொதுப் படிக்கட்டுக்குச் சிறிது கழிந்தாலும், பெண்ணுக்கு ஏறக்குறைய 540 சதுர அடி. ஆணுக்கு அதன் இருமடங்கு. நடைபாதையாகிவிட்ட தங்கையின் பங்கு இப்போது வீடாகிவிட்டது! செலவையும் அதே விகிதத்தில் பகிர்ந்துகொள்ளலாம். மனை பிரிபடாத பாகமாக இருக்க, குடியிருப்பு மட்டும் தனியுரிமையாவதற்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் வழிவகுத்துள்ளன.

“நெருங்கி வாழ்ந்தால் மறைப்பு ஏது? பெண்டிர்க்கு ஒதுக்கம் ஏது?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் நெருக்கம் நமக்குப் புதிதன்று. சுவரோடு சுவர் ஒட்டிய தெரு வீடுகளில் முற்றங்களே காற்றையும் ஒளியையும் தந்தன. காயல்பட்டினத்தில் பெண்டிர் நடமாட வீடுகளுக்கிடையே முடுக்குகள் விடப்பட்டன. தூனிஸ் நகரில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுர் ராமீ, கட்டட வழக்குகளில் காழிகளுக்குத் துணைநின்ற கொத்தனார். அடுத்த வீட்டை எட்டிப்பார்க்கும் சாளரம், எதிர்வாசலுக்கு நேரே திறக்கும் கதவு, பொதுச்சுவர், கழிவுநீர் ஆகியவை குறித்து அவர் ஒரு நூலே எழுதினார். நெருங்கி வாழ்ந்த நகரத்தில்தான் அத்தகைய நுட்பமான நீதி பிறந்தது.

நம்மவர் பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில், 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்ககங்களில்தான் பெரும்பாலான மக்கள் வாழ்கின்றனர். பல கட்டடங்களின் கீழ்த்தளத்தைத் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். திருமணமும் மையித்து வீட்டுத் துக்கமும் அங்கே நடைபெறுகின்றன. உயரம் கூடினாலும் உறவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஆகவே, நடுவூரில் நெருங்கிக் கட்டுவது குற்றமன்று. அண்டையாரை எண்ணாமல் கட்டுவதே குற்றம். சாளரங்களை எதிரெதிரே வைக்காதிருத்தல், படிக்கட்டுக்கு வெளிச்சம் விடுதல், படியேற இயலாத முதியோர்க்குக் கீழ்த்தளத்தை ஒதுக்குதல், கூரை மழைநீரைத் தெருவில் விடாமல் நிலத்தில் இறக்குதல் ஆகிய இவை பணத்தைவிட நினைவைக் கோருபவை.

கூடிக் கட்டுவதில் இடர்ப்பாடு இல்லாமலில்லை. நீர்த்தொட்டியை யார் கழுவுவது, மோட்டார் பழுதானால் யார் பணம் தருவது என்று தொடங்கும் சிறு பிணக்கு, உடன்பிறந்தாரைப் பேச்சற்றவராக்கிவிடும். கடனைக்கூட எழுதிவைக்கச் சொல்கிறது நம் மார்க்கம். பொதுப்படியும் பொதுமுற்றமும் எவ்வாறு பேணப்படும் என்பதை அடித்தளம் தோண்டுமுன்பே எழுதிவைக்கத் தயங்குவானேன்?

அண்டை வீட்டாரையும் வாரிசாக்கிவிடுவாரோ என்று எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) தம்மிடம் வலியுறுத்தியதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். நடுவூர் வீட்டைச் சேர்ந்து கட்டும் உடன்பிறந்தாரோ உண்மையிலேயே வாரிசும் அண்டையாரும் ஆவர். இரட்டைக் கடமை உடையவர்கள். அடுத்த முறை பாகப்பிரிவினைக்கு அமரும் குடும்பத்தார், அளவுக்கயிற்றை எடுக்குமுன் ஒரு நல்ல கட்டட வரைவாளரை அழைத்துப் பேசட்டும். தங்கையையும் அந்தப் பேச்சில் அமரச் செய்யட்டும்.