அந்தக் கட்டத்தில் எண்ணை எழுது!

ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வின் முடிவு வெளிவருகிறது. வந்த அன்றே சிங்கப்பூரின் வடக்கே, ஈசூனில் காப்பிக்கடை, புளோக்கின் கீழ்த்தளம், குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எல்லா இடத்திலும் ஒரே எண்தான் பேச்சு. 2024இல் படித்து முடித்தவர்களுக்கு அந்த எண் 4,500 வெள்ளி. "உனக்கு எவ்வளவு போட்டான்?" என்கிறார் மாமா. "இன்னுமா கூப்பிடல?" என்கிறார் அத்தை. பொறியியலோ அறிவியலோ படித்துவிட்டு விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கும் தம்பியும் தங்கையும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துபோகிறார்கள்.

ஏன் குனிகிறாய்? நான்கு ஆண்டு கணக்கோடும் கருவிகளோடும் மல்லுக்கட்டியவன் நீ. ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதா உனக்கு? வா, பார்க்கலாம்.

4,500 என்பது இடைநிலைச் சம்பளம். அதற்குக் கீழே வாங்குபவர்கள் பாதிப் பேர். அவர்களும் உழைக்கிறார்கள், அவர்களும் வளரத்தான் போகிறார்கள். முழுநேர நிரந்தர வேலை கிடைத்தவர்களை மட்டும் சேர்த்து, இறுதித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் எடுத்த கணக்கு அது. அதில் போனஸ் சேரவில்லை. முதலாளி போடும் மத்திய சேமநிதியும் (மசேநி) சேரவில்லை. ஆனால் 2024இல் முழுநேர ஊழியர்களின் இடைநிலை வருமானம் 5,500 வெள்ளி என்று சொன்னார்களே, அதில் முதலாளியின் மசேநி சேர்ந்திருக்கிறது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆயிரம் வெள்ளி குறைவாக இருக்கிறேனே" என்று புழுங்குகிறாய். உன் 4,500க்கும் முதலாளி போடும் 17 விழுக்காட்டைச் சேர்த்துப் பார். 5,265! இருபது, முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்களையும் சேர்த்து எடுத்த நடுப்புள்ளிக்கு, படித்து முடித்து ஆறு மாதமே ஆன பிள்ளை 235 வெள்ளி தள்ளி நிற்கிறது. இதற்கா தலைகுனிவு?

கைக்கு வருவது 3,600தான், அதிலும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்குச் சில வெள்ளி போகும் என்பாய். உண்மைதான். மசேநிக்குப் போகும் 900 நாளைக்கு உன் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் கதவாகவும் சன்னலாகவும் திரும்பி வரும்.

சந்தை இறுகியிருக்கிறது. இதை மறைத்துப் பேசுகிறவன் உனக்கு வேண்டியவன் இல்லை. 2023இல் வேலை தேடிய பட்டதாரிகளில் 84.1 விழுக்காட்டினருக்கு முழுநேர நிரந்தர வேலை கிடைத்தது. 2024இல் அது 79.5க்கு இறங்கியது. சம்பளத்தில் கணினி படித்தவர்கள் மேலே நிற்கிறார்கள். வேதியியலும் உயிரியலும் படித்தவர்கள் அவர்களுக்குக் கீழே நிற்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்தவர்களுக்கு இடைநிலை 2,900. இந்த நிலவரத்தில்தான் நீ இறங்குகிறாய். ஆனால் இதைவிட மோசமான நிலவரத்தில் இறங்கியவர்கள் இதே வடபகுதியில் இருந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைதான் நீயோ என்னவோ!

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளைச் சிங்கப்பூரிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தப் படைத்தளங்களை நம்பியிருந்த காலம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் நம் ஆட்கள் தமிழரும் மலையாளியுமாக எத்தனையோ குடும்பங்கள். வேலை, குடியிருப்பு, பிள்ளைகள் படித்த பள்ளி எல்லாம் அந்த வேலிக்குள்தான். ஒரே அறிவிப்பில் காலடி மண் சரிந்தது. என்ன செய்தார்கள்? அதே ஆண்டு அந்தத் தளத்தின் கப்பல்துறை செம்பவாங் கப்பல் பட்டறை ஆயிற்று. போர்க்கப்பல் பழுது பார்த்த கை வணிகக் கப்பல் பழுது பார்க்கப் பழகியது. பற்றவைத்தவர் புதிய வரைபடத்தைப் படிக்கக் கற்றார். கணக்கெழுதியவர் புதிய நிர்வாகத்தின் முறையைக் கற்றார். ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் பங்குனி உத்திரத்தன்று போகிறாயே, அது 1960களில் கடற்படைத் தளத் தொழிலாளர்கள் ஒரு மரத்தடியில் கும்பிட ஆரம்பித்த கோயில். இடம் மாறி இங்கே வந்தது. வேலை போனது, குடியிருப்பு போனது. அந்தச் சனம் கும்பிட்ட சாமியையும் விடவில்லை, கற்ற தொழிலையும் விடவில்லை. அந்த ரத்தம் உன் உடம்பில் ஓடும்போது பத்து மறுப்பு மின்னஞ்சலுக்கா நீ சுருண்டு படுப்பாய்?

சரி, வேலை எங்கே? உன் வீட்டைச் சுற்றிப் பார். ஈசூன் அவென்யூ 7இல் முராட்டா ஆலை நிற்கிறது. உன் கைப்பேசிக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பல நூறு மின்தேக்கிகள் இருக்கின்றனவே, அந்த வகைப் பொருளில் உலகப் பெயர் எடுத்த நிறுவனம் அது. உட்லண்ட்ஸில் குளோபல்ஃபவுண்டரிஸ் 4 பில்லியன் அமெரிக்க டாலர் செலவில் 2023இல் ஆலையைப் பெரிதாக்கியது. அதே உட்லண்ட்ஸில் 2025 ஜனவரியில் மைக்ரான் 7 பில்லியன் டாலர் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கு வேண்டிய நினைவகச் சில்லுகளை அடுக்கிப் பொதிக்கும் ஆலை. தொடக்கத்தில் 1,400 வேலை, பின்னால் 3,000 வரை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. கிழக்கே சிலேத்தாரில் ரோல்ஸ்-ராய்ஸ் விமான இயந்திரங்களைப் பொருத்தி உருவாக்குகிறது. உட்லண்ட்ஸிலிருந்து நகருக்கு 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்குப் பெருவழி ஈசூனைத் தொட்டுக்கொண்டு எழும்புகிறது. கூ டெக் புவாட் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரவும் பகலும் மாதிரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வடக்கே வேலை இல்லை என்று உனக்கு யார் சொன்னது?

சில்லு ஆலை என்றால், "ஷிப்ட் வேலைண்ணே, முழுக்க மூடிக்கிட்டு நிக்கணும்" என்று முகம் சுளிக்கிறாய். அந்த ஆலையின் தூய்மை அறைக்குள் ஒரு தடவை போய்ப் பார். பன்னி சூட்டை மாட்டி, காற்றுக் குளியல் முடித்து, கண் மட்டும் தெரிய நுழைகிறாய். தலைக்கு மேலே தண்டவாளத்தில் பெட்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் 25 சிலிக்கான் வேஃபர். விடியற்காலை மூன்று மணிக்கு ஓர் இயந்திரத்தில் தூசி எண்ணிக்கை கூடுகிறது. வாயுவில் கோளாறா, பம்பில் கோளாறா? எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீ பராமரிப்புப் பதிவை வரி வரியாகப் பார்க்கிறாய். கதவோரம் இருக்கும் ஓ-ரிங் மாற்ற வேண்டிய நாள் தாண்டியிருக்கிறது. கழற்றினால், ரப்பர் ஒரு பக்கம் வெளுத்து வெடித்திருக்கிறது. மாற்றுகிறாய், சோதனை வேஃபர் ஓட்டுகிறாய், எண்ணிக்கை இறங்குகிறது. ஒரு சிறு ரப்பர் வளையம் எத்தனை வேஃபரைக் காவு வாங்கியிருக்கும்! அதைக் கண்டுபிடித்தது பாடப்புத்தகமா? நீ! எந்தப் பட்டத்தாலும் வாங்க முடியாத அறிவு அது. மூன்று மாதத்தில் சலித்துக்கொண்டு ஓடிப்போகிறவனுக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

சிம் வோங் ஹூவை நினைத்துப் பார். இன்று நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி என்று பெயர் கொண்ட கல்லூரியில் 1975இல் மின்னியல் முடித்தவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகத் தொடங்கினார். 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வந்தது; ஊமையாக இருந்த கணினிக்கு உலகமெங்கும் குரல் கொடுத்தது. 1992இல் அவருடைய கிரியேட்டிவ், நாஸ்டாக்கில் பட்டியலான முதல் சிங்கப்பூர் நிறுவனம் ஆயிற்று. 2006இல் காப்புரிமை வழக்கில் ஆப்பிள் 100 மில்லியன் டாலர் கொடுத்து அவரோடு சமரசம் செய்துகொண்டது. அவர் கையில் இருந்தது உன்னிடம் இருக்கும் அதே மின்னியல் பாடம்தான், தம்பி.

வேலை இன்னும் கிடைக்கவில்லையா? 2025இல் அரசு கொண்டுவந்த பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் மாதம் 1,800 முதல் 2,400 வெள்ளி வரை படித்தொகை உண்டு. "பட்டம் வாங்கிட்டு பயிற்சியாளனா?" என்று வெட்கப்படாதே. உள்ளே போ. தொட்ட கருவி, தீர்த்த பழுது, குறைத்த நேரம், எல்லாவற்றையும் அன்றன்றே குறித்துவை. உன் அடுத்த விண்ணப்பத்தில் மதிப்பெண்ணுக்கு மேலே அவை நிற்கட்டும்.

இப்போது, எனக்கு ரத்தம் கொதிக்கும் இடத்துக்கு வருகிறேன். விண்ணப்பப் படிவத்தில் 'எதிர்பார்க்கும் சம்பளம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் "பேசிக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள்! பெரியவர்களிடம் காசு பேசக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். வீட்டில் அது மரியாதை. நேர்முகத் தேர்வில் அது உன் உழைப்பை நீயே மலிவாக்குவது. தங்கச்சி, உன்னிடம் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "கொடுக்கிறதை கொடுங்க" என்று ஒருநாளும் சொல்லாதே!

பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வைப் பாடவாரியாக வெளியிடுகின்றன. உன் பாடத்துக்கு நேரே இடைநிலை மட்டுமில்லை, 25ஆம் சதமானமும் 75ஆம் சதமானமும் இருக்கும். எடுத்துப் பார். வெளிநாட்டு நிபுணர் ஒருவரை எம்பிளாய்மென்ட் பாஸில் எடுக்க 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 5,600 வெள்ளி கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். புதுக்கோட்டையிலிருந்து பொறியியல் முடித்து இங்கே வந்து உழைக்கும் அண்ணன்மாரும் இதைத் தெரிந்துகொள்ளட்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் படி எவ்வளவு, 13ஆம் மாதச் சம்பளம் உண்டா, முதல் மதிப்பீடு எப்போது என்று நான்கையும் வாய்விட்டுக் கேள். கேட்டதற்காக எந்த நல்ல நிறுவனமும் கதவைச் சாத்தாது.

பிறகு உன் பாடத்தின் இடைநிலைக்கும் 75ஆம் சதமானத்துக்கும் நடுவே ஓர் எண்ணைத் தேர்ந்தெடு. ஏன் அந்த எண் என்று கேட்டால் சொல்ல, நீ தீர்த்த இரண்டு பழுதுகளைக் கையில் வைத்துக்கொள். "குறைத்துக்கொள்ள முடியுமா?" என்பார்கள். உடனே தலையாட்டாதே. "என்னென்ன படி சேர்ப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் வாயைத் திறக்கும்வரை பேசாமல் இரு.