கேட்ட துயரம் யாருக்கு உரியது?

உள்ளம் நொந்து வருவோர் கூறுவதைக் கேட்டு அவர்களை ஆற்றுப்படுத்துவது ஒரு பணி. மாந்தர் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் சொற்களைத் திரட்டி, எண்ணால் அளக்கவியலாதவற்றை ஆராய்வது மற்றொரு பணி. இதனைப் பண்புசார் ஆய்வு என்பர். உளவியல் பயின்றோர் பலர் இன்று இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொள்கின்றனர். ஆறுதல் நாடி ஒருவர் சொன்னதை அறிவு நாடி மற்றவர் எடுத்துக்கொள்ளலாமா என்பது ஈண்டுச் சிந்திக்கற்பாலது.

எடுப்பதால் விளையும் நன்மை சிறிதன்று. அமெரிக்க அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, ஆற்றுப்படுத்தும் உரையாடல்களை ஒலித்தட்டுகளில் பதிவு செய்தார். 1942இல் வெளிவந்த அவரது நூலில், 'ஹெர்பர்ட் பிரையன்' எனப் புனைபெயரிடப்பட்ட ஒருவருடன் நிகழ்ந்த எட்டு உரையாடல்கள் முழுமையாக அச்சேறின. பொறுமையுடன் கேட்பதாகத் தம்மை எண்ணியிருந்தோர், உண்மையில் தாமே வழிகாட்டிப் பேசிக்கொண்டிருப்பதைத் தட்டில் கேட்டறிந்தனர். நினைவிலிருந்து எழுதும் குறிப்பு இதனை ஒருபோதும் காட்டியிராது. அடுத்து வருவோருக்கு அதனால் நற்பயன் விளைந்தது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 1900இல் தம்மிடம் வந்த இளம்பெண் ஒருத்தியின் வரலாற்றை சிக்மண்ட் பிராய்டு 1905இல் 'டோரா' என்னும் பெயரிட்டு வெளியிட்டார். ஆய்வுக்குப் பயன்படும் என அறிந்திருந்தால் நோயாளர் வாய் திறந்திரார். இசைவு கேட்டாலும் பயனில்லை என்று அவரே முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். பெயரை மறைத்தும் காக்க முடியவில்லை. அவர் இன்னார் என்பது பின்னாளில் உலகறிந்ததாயிற்று.

ஆசிரியப் பயிற்சியில் ஒரு மாணவரைத் தெரிந்து தனியாள் ஆய்வு எழுதும் வழக்கம் உண்டு. குடும்ப வறுமை, தந்தையின் குடி எல்லாம் அந்த ஏட்டில் ஏறும். அப்பிள்ளையின் இசைவைக் கேட்டு எழுதியவரை நான் கண்டதில்லை.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றோரை நேர்காணும் ஆய்வுக்கும் அவர்தம் விவரமறிந்த, தடையற்ற ஒப்புதல் வேண்டும் என்கிறது. நன்று. ஆனால் தன் துயரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பவரே ஒப்புதல் கேட்கும்போது, 'இயலாது' எனச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நன்றியுணர்வே அங்கு நாவைக் கட்டிவிடும். கையொப்பம் இருக்கும், தடையின்மை இராது.

ஆகவே சிகிச்சை நடைபெறும் காலத்தில் கேட்டுப் பெறும் இசைவை நான் இசைவாகக் கருதேன். அது முடிந்து சில திங்கள் சென்றபின், வேறொருவர் வாயிலாகக் கேட்டல் வேண்டும். எழுதியதை அவரிடமே படிக்கக் கொடுத்து, வேண்டாதவற்றை நீக்கச் செய்தல் வேண்டும். ஆய்வேடு முடியும் தறுவாயில் ஒருவர் மறுத்துவிட்டால் ஓர் இயலே வீணாகலாம். அவ்விழப்பு ஆய்வாளரையே சாரும். இதனினும் எளிய வழி ஒன்றைச் சிலர் கையாள்கின்றனர். தம்மிடம் வருவோரை விடுத்து, பிறரிடம் ஆற்றுப்படுத்தல் பெற்று முடித்தோரையே அவர்கள் ஆய்வுக்கு அழைக்கின்றனர். புதியவரிடம் மனம் அத்துணை விரைவில் திறவாது என்பது மெய்யே. கிடைப்பது குறைவாயினும் எனக்கு இதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.