பூனையின் பிரிவும் உயிரின் சார்பும்



தாய்ப்பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்லுதலை வைணவருள் ஒருசாரார் அருளுக்கு உவமையாக்கி மார்ச்சார நியாயம் என்பர். கவ்விய வாய் நெகிழ்ந்தபின் அக்குட்டி என்படும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. கூடுவாஞ்சேரியில் ஓட்டுவீடுகள் ஒழிந்து அடுக்குமாடிகள் எழும் இந்நாளில், குடிபெயர்வோர் பூனையைத் தெருவில் விட்டேகுதல் கூடுமாகலின், நந்திவரம் நந்தீசுவரரைத் தொழும் நமக்கு இஃது வெறுஞ்சொல் அன்று.

உயிர் சார்பின்றி நில்லாது. சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு என்பது சித்தாந்தத் துணிபு. இது விலங்குயிர்க்கும் ஒக்கும். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார், ஏறத்தாழ 6000 பூனைகளைக் குறித்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 வாரம் நிரம்புமுன் தாயைப் பிரிந்தவை பின்னர்ச் சீற்றம் மிக்கனவாகக் காணப்பட்டன. 14 வாரம் வரை உடனிருந்தவற்றில் அக்குறை அருகியே இருந்தது.

அமெரிக்க நாட்டு மிச்சிகனிலுள்ள ஓக்லாண்டு பல்கலைக்கழகத்தார், உடன்வளர்ந்த பூனையோ நாயோ இறந்த பூனைகளைப் பேணுவார் 412 பேரை வினாவி 2024-இல் வெளியிட்டனர். உண்டலும் உறங்கலும் ஆடலும் குறைந்தன. ஒளிதலும், இழந்ததைத் தேடுவதுபோல் திரிதலும், மக்களை நாடுதலும் மிகுந்தன என்ப. ஆயின் தாம் மிக வருந்தினோர், தம் பூனையிடத்தும் சில மாற்றங்களை மிகுத்துக் கூறினர்.

அற்றேல், பூனையின் துயரெல்லாம் நாம் ஏற்றிக் கூறுவதேயோ எனின், அன்று. இளமையிற் பிரிந்த குட்டியின் சீற்றத்தில் நம் துயர் கலத்தற்கு இடமில்லை. பிரிவு அதனையும் வருத்தும். அவ்வருத்தத்தின் வடிவம் நம்முடையது அன்று என்பதே கொள்ளற்பாலது.

வடிவம் வேறாயின் ஆறுதலும் வேறாதல் வேண்டும். பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துள், தாயிழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டும் பசியாற் கதறியபோது சோமசுந்தரக் கடவுள் வந்த கோலம் யாது? அவை அறியாத அரிய கோலம் அன்று. அவை அறிந்த தாய்ப்பன்றியே. மக்களுயிர்க்கு இறைவன் மானுடக் குருவாய் எழுந்தருளுதலும் இம்முறையே என்க.

ஆதலின், துணையிழந்த பூனையை மடியில் இறுக்கி அழுதல் நம் ஆறுதலேயாம். உண்ணும் வேளையும் படுக்கும் மூலையும் மாறாது காத்தலும், அது நாடி வருங்கால் விலக்காது, ஒளியுங்கால் தொடராது இருத்தலுமே அதன் ஆறுதல். ஓரிரு நாள் முற்றும் உண்ணாதொழியின் கல்லீரலிற் கொழுப்பு மண்டி உயிர்க்கு ஊறாதல் உண்டு; கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க. எட்டு வாரம் நிரம்பாக் குட்டியைத் தாயினின்று பிரித்துக் கொடாதிருக்க.

பற்றுக்கோடு ஒன்று அறின் மற்றொன்றைத் தேடும் அச்சிற்றுயிர், இன்று பற்றுவது நம் காலை. பற்றுக்கோடாம் பரமனைத் தேடும் நாம், அதனை உதறுதல் தகுமோ?

திருச்சிற்றம்பலம்.