நீ யார் பக்கம்?

பிரிக்ஃபீல்ட்ஸ்ல கோயில் முடிஞ்சு டீ குடிக்க உட்கார்ந்தால் நம்ம பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். நம்ம உரிமை, நம்ம கோயில், அப்புறம் ஸ்ரீலங்கா. அந்த நேரத்தில் யாராவது ஒருத்தர், "கொஞ்சம் பொறுங்க, நம்ம பக்கமும் தப்பு இருக்கு" என்று சொன்னால் போச்சு. "நீ யார் பக்கம்டா?" என்பதுதான் அடுத்த கேள்வி. சொந்த இனம் அடிபடும்போது ஒருத்தர் நடுநிலையாக ஆராய்ச்சி செய்யலாமா, அது துரோகமா? இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்காகவே உயிரைக் கொடுத்தவர் நீலன் திருச்செல்வம். 1944இல் பிறந்தவர். அவருடைய அப்பா மு. திருச்செல்வம் தமிழரசுக் கட்சி சார்பில் டட்லி சேனநாயக்க அரசில் அமைச்சராக இருந்தார். திருகோணமலை கோணேஸ்வரர் கோயில் சுற்றுப்புறத்தைப் புனிதப் பகுதியாக்க அவர் எடுத்த முயற்சியைப் பிரதமர் நிறுத்தியதும், 1968இல் பதவியைத் தூக்கிப் போட்டார். கோயிலுக்காக நாற்காலியை விட்ட வீடு அது. இனப்பற்று இல்லாத குடும்பம் என்று யாரும் சொல்ல முடியாது.

நீலன் ஹார்வர்டில் சட்டம் ஆராய்ந்தவர். வெளிநாட்டிலேயே பேராசிரியராக வசதியாக இருந்திருக்கலாம். கொழும்புக்குத் திரும்பி வந்தார். 1982இல் கே. எம். டி சில்வா என்ற சிங்கள வரலாற்று ஆசிரியரோடு சேர்ந்து, இனப் பிரச்சினைகளை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே 1983 ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்குப் பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. பல இனம் வாழும் நாட்டில் சட்டத்தை எப்படி எழுதினால் சின்ன இனம் பயமில்லாமல் வாழும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் கேள்வி.

1995 ஆகஸ்டில் சந்திரிகா அரசு வெளியிட்ட அதிகாரப் பகிர்வுத் திட்டத்தில் ஜீ. எல். பீரிஸோடு சேர்ந்து அவருடைய கையும் இருந்தது. நாட்டை உடைக்கிறார்கள் என்று சிங்களத் தீவிரவாதிகள் கத்தினார்கள். தமிழர் பக்கத்தில் அவருக்குத் துரோகிப் பட்டம். 1999 ஜூலை 29ஆம் தேதி காலை, வேலைக்குப் போகும் வழியில், தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் அவர் காரின் மேல் பாய்ந்தார். வயது 55. விடுதலைப் புலிகள் செய்ததாகவே பரவலாகக் கருதப்படுகிறது. இதை நம்ம வட்டத்தில் எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, தெரியும்.

அவர்களுடைய வாதத்தையும் லேசாகத் தள்ள முடியாது. அந்தத் திட்டம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் தேடிய தமிழர்கள் மேல் அரசு விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே அரசோடு உட்கார்ந்து ஒரு தமிழர் சட்டம் எழுதுவதா? கோபம் வரத்தான் செய்யும். அவருடைய அரசியல் கணக்கு சரி என்று நானும் சொல்ல வரவில்லை. 2000 ஆகஸ்டில் அந்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்க்கட்சிக்காரர்கள் அதன் பிரதியை அங்கேயே கொளுத்தினார்கள். நிறைவேறவே இல்லை.

ஆனால் கணக்கு தப்பாவது வேற, துரோகம் வேற. நடுநிலை என்றாலே ரெண்டு பக்கத்துக்கும் சமமாகத் தலையாட்டுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். திருக்குறளில் 'நடுவு நிலைமை' அதிகாரத்தில் வரும் துலாக்கோலை யோசித்துப் பாருங்கள். எங்கள் லேப்பில் எடை பார்க்கும் முன் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். பாரம் வைத்த பிறகும் அது அசையாமல் நின்றால் அது நல்ல தராசு இல்லை, பழுதான தராசு. பாரம் உள்ள பக்கம் சாயத்தான் வேண்டும். நீலன் தமிழருக்கு அநியாயம் நடக்கவில்லை என்று சொன்னவர் அல்ல. அநியாயம் நடந்ததால்தான் சட்டத்தையே மாற்றி எழுத உட்கார்ந்தார். அதே தராசில் நம்ம பக்கத்துக் கொலையையும் வைத்தார், அவ்வளவுதான். கௌரவர் சபையில் விதுரருக்கும் இதே பிரச்சினைதான். சோறு எங்கே, விசுவாசம் எங்கே என்று துரியோதனன் அவரைக் கேவலப்படுத்தினான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2009இல் ஈப்போவில் இந்திரா காந்தியின் கணவர் தான் மதம் மாறியதோடு நிற்காமல், மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். ஷரியா நீதிமன்ற விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1988இல் சேர்த்த 121(1ஏ) பிரிவு சுவராக நின்றது. 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்த மதமாற்றத்தை ரத்து செய்தார்கள். தாய், தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்றார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் டான்ஶ்ரீ ஜைனுன் அலி. ஒரு மலாய் முஸ்லிம் பெண்மணி.

அன்றைக்கு நாம் எல்லாரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டோம். "நீ யார் பக்கம்?" என்று அவருடைய ஆட்கள் அவரைக் கேட்டிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? அதே கேள்வியை நாம் நம்ம ஆளிடம் கேட்கும்போது மட்டும் அது எப்படி இனப்பற்று ஆகிறது?

இன்னொன்று. ஒன்பது வருஷம் இழுத்த வழக்கு அது. தீர்ப்பு வந்து வருஷக்கணக்கான பிறகும் கடைசி மகள் அம்மாவிடம் வந்து சேரவில்லை. தீர்ப்பு ஏன் காகிதத்திலேயே நிற்கிறது, மற்ற பல இன நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று உட்கார்ந்து ஆராய நமக்கு ஆள் வேண்டும். கிள்ளானில் எஸ்டிபிஎம் முடித்த பிள்ளை "சட்டமும் அரசியலும் ஆராய்ச்சி பண்ணப் போறேன்" என்று சொன்னால், "அதுல என்ன சம்பளம் வரும்?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். எங்க வீட்டிலும் அதேதான். நான் இஞ்சினியரிங் எடுத்தேன்.