அறியாது செய்த வினை

திருத்துறைப்பூண்டியில் எழுந்தருளியுள்ள சிவபெருமானுக்குப் பிறவி மருந்தீசர் என்பது திருப்பெயர். பிறவியையே நோயாகவும் இறைவனை அதற்கு மருந்தாகவும் கண்டு வழிபடும் இவ்வூரில், நோய் தீர்க்க முனைந்த கையே உயிருக்கு ஊறு செய்துவிட்டால் அவ்வினை யாரைச் சேரும் என்பது சட்டத்தோடு முடிந்துவிடும் கேள்வி அன்று.

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் சவ்வு அறுவைச் சிகிச்சை பெற்ற 17 வயதுக் கால்பந்து வீராங்கனைக்கு, இரத்தக் கசிவைத் தடுக்கப் போட்ட அழுத்தக் கட்டு இறுகி இரத்த ஓட்டம் நின்றது. காலை அகற்றியும் உயிரைக் காக்க இயலவில்லை. மருத்துவர் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். கட்டுப் போட்ட காலின் விரல் நுனியைத் தொட்டு, அதன் நிறத்தையும் சூட்டையும் மணிக்கொரு முறை பார்ப்பது எளிய வேலைதான். எனினும் ஒரே மயக்க மருத்துவரை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து அறுவை நடத்தும் தியேட்டர்களில், எளிய வேலையே முதலில் விடுபடுகிறது.

இத்தகைய சாவை 'விதி' என்று ஆற்றிக்கொள்வோர் சைவ சித்தாந்தத்தைப் பாதியளவே கேட்டவர்கள். முன்பு ஈட்டிய வினைத்தொகுதி சஞ்சிதம் என்றும், அதில் இப்பிறவியில் நுகர வந்த பகுதி பிராரத்தம் என்றும், நுகரும்போது புதிதாக ஏறுவது ஆகாமியம் என்றும் சித்தாந்த நூல்கள் பகுக்கின்றன. நோயாளியின் துன்பம் அவருடைய பிராரத்தமே என்று கொண்டாலும், செய்தவருக்கு ஏறும் ஆகாமியத்தை அது துடைத்துவிடாது.

அறியாது நேர்ந்த கொலையை ஆராயும் பெருங்கதை இவ்வூருக்கு அண்மையிலுள்ள திருவாரூருக்கே உரியது. மனுநீதிச் சோழனின் மகன் ஊர்ந்த தேரின் காலில் பசுவின் கன்று மடிந்தபோது அமைச்சர்கள் பிராயச்சித்தம் போதும் என்றனர். அரசனோ மகன்மீதே தேரைச் செலுத்தினான் என்கிறது பெரியபுராணம். அத்தண்டனையை மருத்துவருக்கு அளவுகோலாக்குவது தகாது. கடும் கவனக்குறைவு இருந்தாலன்றி மருத்துவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது நியாயமே, ஏனெனில் சிறைக்கு அஞ்சும் கை அடுத்த கடினமான நோயாளியைத் தொடாமல் வேறு ஊருக்கு அனுப்பிவிடும். கதையில் போற்றத்தக்கது தண்டனை அன்று. வாயற்ற பசுவும் அடிக்க அரண்மனை வாயிலில் ஒரு மணி இருந்ததும், அது ஒலித்தவுடன் அரசன் இறங்கி வந்ததுமே.

அறுவை தியேட்டருக்கும் அத்தகைய மணி உண்டு: மயக்கம் கொடுக்கும் முன்பும், கத்தி வைக்கும் முன்பும், தியேட்டரை விட்டு நோயாளி வெளியேறும் முன்பும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய 19 குறிப்புகளை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வகுத்தது. வைத்த பஞ்சுத்துணி எத்தனை, எடுத்தது எத்தனை என்று செவிலியர் எண்ணிச் சொல்வதும் அவற்றுள் ஒன்று. அக்கேள்விகளுக்கு நேரம் ஒதுக்குவதும், அதையும் மீறிப் பிழை நேர்ந்தால் நடந்ததை அன்றே மறைக்காமல் குடும்பத்தாரிடம் சொல்வதும் மருத்துவமனைகள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம்.