வேலிக்குக் கீழே ஓடும் நீர்

ஓர் ஆலயத்தின் சிறப்பை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் கொண்டு எடுத்துரைப்பது சைவர்களாகிய எமது மரபு. மூர்த்தியின் மகிமை பற்றியும் தலத்தின் பெருமை பற்றியும் இத்தகைய மலர்களில் அறிஞர் பலர் எழுதி வருகின்றனர். அடியேன் தீர்த்தம் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன். தீர்த்தம் என்றவுடன் கங்கையும் கீரிமலையும் நினைவுக்கு வருதல் இயல்பு. நான் சொல்ல வருவது எமது ஆலயக் கிணற்று நீரையும் எம் ஒவ்வொருவர் வளவிலும் உள்ள கிணற்று நீரையும் பற்றியே ஆகும்.

அயலவர்களுக்கிடையில் பிணக்கு வரும்போது நாம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "என்ரை வளவுக்குள்ளை நான் என்ன செய்தால் உனக்கென்ன?" என்பதே அது. கேட்பதற்கு நியாயமான கேள்வி போலவே தோன்றும். உறுதியிலே எல்லை எழுதப்பட்டிருக்கின்றது, வேலி அடைக்கப்பட்டிருக்கின்றது, வரியும் கட்டப்படுகின்றது. ஆயினும் எமது மண்ணைப் பொறுத்தவரையில் இக்கேள்வி அறத்தின்படி செல்லுபடியாகுமா என்பதை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. எமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெய்யும் மழைதான். அந்த மழைநீர் செம்மண்ணினூடாக இறங்கி, கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மீது இந்த நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதந்து கொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே உவர்நீர் 40 அடி மேலெழும் என்பது அதன் மறுபக்கம். வலிகாமத்திலே நாம் இறைப்பதெல்லாம் சுன்னாகத்தின் பெயரால் அழைக்கப்படும் ஒரே நிலத்தடி நீர்ப்படுக்கையிலிருந்துதான். கிணறுகள் ஆயிரம் ஆயிரமாக இருக்கலாம். அவை அனைத்தும் ஒரே பாத்திரத்தில் இடப்பட்ட துளைகள்.

இங்கேதான் எமது நிலம் எம்மை ஏமாற்றி விடுகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பை எடுத்துக் கொள்ளுங்கள். அங்கே நீர் குளத்திலே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கின்றது. குளக்கட்டு உடைந்தால் அனைவரின் வயலும் அழியும். ஆகவே வாய்க்கால் துப்புரவுக்கு எல்லோரும் கூடுவதும், மடை திறக்கும் நாளைக் கூட்டத்திலே தீர்மானிப்பதும் அங்கு வாழ்வின் நியதியாயிற்று. எமக்கோ நீர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றது. வீட்டுக்கொரு கிணறு வெட்டிக்கொள்ளக் கூடியதாக இருந்தமையால், நீரும் தனித்தனிச் சொத்து என்ற எண்ணம் எம்மிடம் வேரூன்றி விட்டது.

முற்றாக அப்படி இருக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். துலா மிதித்த காலத்திலே ஒருவர் துலாவில் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, ஒருவர் தோட்டத்திலே தண்ணீர் மாற, குறைந்தது மூவர் ஒன்றுசேர வேண்டியிருந்தது. பங்குக் கிணறுகளில் முறை வைத்து இறைத்தார்கள். மனிதரின் உடல் களைத்தபோது இறைப்பும் நின்றது, கிணறும் ஊறியது. பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரமும் மின்மோட்டாரும் வந்தன. அவை எமது முதுகுநோவைக் குறைத்தன என்பது உண்மையே. ஆனால் அயலவரின் உதவி எமக்குத் தேவை என்ற நினைவையும், எவ்வளவு இறைக்கலாம் என்ற எல்லையையும் அவை கூடவே கொண்டு போய்விட்டன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். நான் சிறுவனாக இருந்த காலத்தில், எமது ஊரிலே ஒரு பகுதியினர் பொதுக்கிணற்றில் தாமாக அள்ள முடியாது. குடத்துடன் தள்ளி நின்று, யாராவது வந்து வார்க்கும்வரை காத்திருப்பார்கள். ஆலயக் கிணறும் இதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை. பொது இடங்களில் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலே நிறைவேறியது. அதன் பின்னரும் 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் ஆலயக் கதவு திறக்கப்படுவதற்காக அடியார்கள் போராட வேண்டியிருந்தது. அன்று காத்திருந்தவர்கள் தமது பள்ளக்காணியிலே ஆழமில்லாத கிணறுகளை வெட்டி, மாரியில் கலங்கலையும் கோடையில் சவரையும் குடித்தார்கள். தீட்டு என்று நாம் விலக்கி வைத்த கிணற்றின் ஊற்றும், சுத்தம் என்று நாம் காவல் காத்த கிணற்றின் ஊற்றும் ஒன்றே என்பதை எமது பெரியவர்கள் அறியவில்லை. அறிந்திருந்தால் அறத்தினாலன்றி அச்சத்தினாலாவது அதைக் கைவிட்டிருப்பார்கள்.

இனி மலசலகூடக் குழியின் விடயத்துக்கு வருவோம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. வெடிப்புகள் நிறைந்த எமது சுண்ணாம்புக்கல்லிலே அதுவும் போதாமற் போகலாம். 16 பரப்பு 1 ஏக்கர் என்பது எமது கணக்கு. ஆகவே 1 பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி. சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 52 அடி. சீதனத்துக்கும் பிள்ளைகளுக்குமாகப் பிரிந்து பிரிந்து வந்த காணிகளில் இன்று பலருக்குக் கிடைப்பது இந்த 1 பரப்போ 2 பரப்போதான். 1 பரப்பிலே ஒருவர் தமது கிணற்றை ஒரு மூலையிலும் குழியை மறுமூலையிலும் வெட்டினால், தமது கிணறு தப்பக்கூடும். அந்தக் குழி அயலவரின் கிணற்றுக்கு அருகே போய்விடும். அயலவரோடு பேசாமல் இக்கணக்கை எவராலும் தீர்க்க முடியாது. ஆனால் வேலிச் சண்டையினால் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் எத்தனை!

நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் வயிற்றோட்டமும் இந்த வழியாகவே வருகின்றன. இவற்றின் கிருமிகளை, நீரைக் கொதிக்க வைத்தால் அழித்து விடலாம். நைத்திரேற்று அவ்வாறன்று. தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி இடும் உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் அது நீரிற் கலக்கின்றது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். வலிகாமத்திலே பல கிணறுகள், சிறப்பாகத் தோட்டங்களை அண்டியவை, இந்த அளவைக் கடந்திருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இந்நீரிலே கரைத்த பால்மாவைப் பருகும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமற் போய், உடல் நீலம் பாரிக்கக்கூடும். உரம் இட்டவர் ஒருவர். விளைச்சலைப் பெற்றவரும் அவரே. துன்பம் அடைவதோ, பேசவும் அறியாத இன்னொரு வீட்டுக் குழந்தை.

மெய்யடியார்களே, இந்த இடத்தில் எம்மவர் ஒரு வார்த்தை சொல்வதுண்டு. "எல்லாம் அவரவர் ஊழ்" என்பார்கள். வினைப்பயனை நம்பும் சைவர் என்ற வகையில் நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் எமது சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுத்துரைக்கின்றது. அந்தக் குழந்தையின் நோயைப் பிராரத்தம் என்று நாம் இலகுவாகச் சொல்லி விடுகின்றோம். குழியை அவ்விடத்தில் வெட்டிய கைக்கும், தெரிந்தும் மூடாத மனதுக்கும் இன்று புதிதாக ஏறும் ஆகாமியத்தை யார் எண்ணுவது? மற்றவரின் துன்பத்தை அவரது ஊழ் என்பது, பல வேளைகளில் எமது வினையை நாமே மறைத்துக்கொள்ளும் திரைதான். ஊழ் என்ற சொல்லை எனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள நான் பயன்படுத்தலாம். என்னால் பிறருக்கு வந்த துன்பத்துக்கு அதைச் சமாதானமாகக் கூற எனக்கு உரிமை இல்லை.

சேர்ந்து செயற்பட்டால் நோய் விலகும் என்பதற்கு எமது நாடே சான்றாக இருக்கின்றது. 1934-35ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, தென்மேற்கின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகிய போது, அவற்றிற் பெருகிய நுளம்புகளால் மலேரியா பரவி ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். அதே இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இனங்காணப்பட்டார். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் எம்மை அறிவித்தது. மருந்து மட்டும் இதைச் சாதிக்கவில்லை. வீடு வீடாக வந்த ஊழியர்களும், அவர்களுக்குக் கதவைத் திறந்து விட்ட மக்களும் சேர்ந்தே சாதித்தார்கள். ஆனால் அதே 2016ஆம் ஆண்டின் இறுதியில், மலேரியாவைப் பரப்பக்கூடிய புதிய நுளம்பு இனம் ஒன்று மன்னாரிலே கண்டறியப்பட்டது. அது பெருகும் இடங்களுள் ஒன்று கிணறு. டெங்கு நுளம்போ சிரட்டையிலும் பழைய ரயரிலும் பெருகுகின்றது. 2017ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குவினால் பாதிக்கப்பட்டனர். எமது ஊரிலே உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கப் பற்றைபிடித்துக் கிடக்கும் வளவுகளையும், மூடப்படாத கிணறுகளையும் நினைத்துப் பாருங்கள். அந்த நுளம்பு வேலியைக் கேட்டுக்கொண்டா பறக்கின்றது?

ஆலயம் இதிலே செய்யக்கூடியது யாது? திருவிழாவுக்கு நாளுக்கொரு உபயகாரர் இருப்பது போல, தீர்த்தத் திருவிழாவை ஒட்டி நீருக்கென்றும் ஓர் உபயம் வைக்கலாம் என்பது அடியேனின் விண்ணப்பம். மாரி தொடங்குமுன் ஆலயக் கேணியையும் ஊர்க்குளத்தையும் தூர்வாரி, மழைநீர் நிலத்துள் இறங்க வழி செய்யலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்து, வட்டாரம் வட்டாரமாகக் கிணற்று நீரைப் பரிசோதிக்க ஒழுங்கு செய்யலாம். வசதியற்ற குடும்பங்களுக்குக் கசிவில்லாத மலத்தொட்டி கட்டவும் கிணற்றுக்கு வலை போடவும் புலம்பெயர்ந்த அன்பர்களின் உதவியை நாடலாம். கோபுரத்துக்கு அள்ளித் தரும் கைகள் இதற்கும் தரும் என்பது என் நம்பிக்கை. பேச்சுவார்த்தை இல்லாத அயலவர் இருவர் ஒரே வடம் பிடித்துத் தேர் இழுப்பதை வருடந்தோறும் காண்கின்றோம். அந்த ஒற்றுமை தேர்முட்டியோடு நின்றுவிடாமல், அவர்களது வேலிவரைக்கும் போக வேண்டும்.

கும்பத்திலே நீரை நிறைத்து, அதில் இறைவனை ஆவாகனம் செய்து வழிபடுகின்றோம். அந்தக் கும்பத்து நீரும், அயல்வீட்டுப் பிள்ளை குடிக்கும் நீரும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. இறைவன் எழுந்தருளும் நீரை மாசுபடுத்த எமக்கு மனம் வருமா? இதனை உணர்ந்து, நோயற்ற வாழ்வும் ஒற்றுமையும் எமது கிராமத்தில் ஓங்க, எல்லாம் வல்ல எம்பெருமானின் பாதாரவிந்தங்களைப் பணிந்து பிரார்த்திப்போமாக.

சுபம்.